குறுமரத் தொட்டிகள்: ஜப்பானியக் குயவர் தரும் பாடம்

மண்பாண்டத்தை அறியாத கிராமம் நம் நாட்டில் இல்லை. பொங்கற் பானை முதல் மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தாழி வரையில், மண்ணைப் பிசைந்து நெருப்பில் வேகவைத்த பொருள்கள் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மண்தொட்டியை ஒரு குயவர் பல நாள் உழைத்துச் செய்வதையும், அதன் அடியில் தம் முத்திரையைப் பொறிப்பதையும், அத்தகைய தொட்டிகளுக்கென ஓர் ஊரே உலகில் பெயர் பெற்றிருப்பதையும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஜப்பான் நாட்டில் குறுமரங்களை வளர்ப்பதற்காகச் செய்யப்படும் தொட்டிகளைப் பற்றியே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

'அழகுக்காக வளர்க்கும் மரத்துக்கும் நம் உழவுக்கும் என்ன தொடர்பு?' என்று ஒரு விவசாயி வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் இச்சிறு தொட்டியைக் கூர்ந்து நோக்கினால் மூன்று செய்திகள் விளங்கும். முதலாவது, மண்ணில் நீர் எவ்வாறு தங்குகிறது என்பது. இரண்டாவது, களிமண் நெருப்பில் எவ்வாறு மாறுகிறது என்பது. மூன்றாவது, தான் செய்த பொருளுக்குச் சந்தை குறைந்த காலத்திலும் ஒரு தொழிலூர் எவ்வாறு பிழைத்தது என்பது. இம்மூன்றும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் அறிய வேண்டியவை.

குறுமரம் என்பது யாது?

ஜப்பானியர் இதனைப் 'போன்சாய்' என்பர். 'போன்' என்பது ஆழமற்ற கலம். 'சாய்' என்பது நடுதல். கலத்தில் நட்ட மரம் என்பதே இதன் பொருள். இக்கலை சீன நாட்டில் தோன்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஜப்பானுக்குச் சென்றது. அங்கே அது தனியொரு முறையாக வளர்ந்தது.

குறுமரம் தனிச் சாதியன்று. காட்டில் ஓங்கி வளரும் அதே பைன் மரம், அதே ஜூனிப்பர், அதே மேப்பிள் ஆகியவையே தொட்டியில் சிறுத்து நிற்கின்றன. கிளைகளைக் காலம் அறிந்து கத்தரித்தும், கம்பி சுற்றி வளைத்தும், வேர்களை அளவாக வெட்டி மண் மாற்றியும் அதனைச் சிறிதாக வைக்கின்றனர். மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குகிறார்கள் என்று சிலர் எண்ணுவது தவறு. நீரும் உரமும் குறைவின்றி அளிக்கப்படுகின்றன. நலிந்த மரம் கத்தரிப்பைத் தாங்காது.

குறுமரங்களிலும் அளவு வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு உட்பட்டவற்றை 'ஷோஹின்' என்பர். 10 சென்டிமீட்டருக்கும் குறைந்தவற்றை 'மாமே', அதாவது அவரைவிதை போன்றவை, என்பர். இத்தகைய மிகச் சிறிய மரங்களைப் போற்றி வளர்த்தவர்களுள் ஜப்பானியப் பிரபுக்கள் சபையின் தலைவராக இருந்த மத்சுடைரா யோரினாகா ஒருவர். 1934-ஆம் ஆண்டு முதல் டோக்கியோவின் உவேனோவில் நடைபெற்றுவரும் 'கொக்குஃபு' கண்காட்சி குறுமரங்களுக்கான பெருங்கண்காட்சியாகும்.

1923-ஆம் ஆண்டில் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. குறுமர வளர்ப்பாளர் சிலர் நல்ல மண்ணும் நீரும் இடமும் தேடி நகரை விட்டு வடக்கே சென்றனர். 1925-ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்த குடியிருப்பே ஓமியா குறுமரக் கிராமம். இன்று அது சைத்தாமா நகரின் ஒரு பகுதி. அவ்வூரில் 2010-ஆம் ஆண்டில் குறுமரக் கலைக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது.

தொட்டி செய்யும் வேலை

குறுமரத்துக்குத் தொட்டி வெறும் அலங்காரம் அன்று. அதுவே அம்மரத்தின் வயல். எனவே வயலுக்கு வேண்டிய வடிகால் தொட்டிக்கும் வேண்டும்.

தொட்டியின் அடியில் ஒன்றோ பலவோ பெரிய துளைகள் இருக்கும். அவற்றின்மீது வலைத்துண்டு வைத்து மண்ணை நிரப்புவர். அடிப்புறத்தில் சிறு கால்கள் அமைந்திருக்கும். கால்கள் இல்லாவிடில் தொட்டியின் அடி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். நீர் வெளியேறாது, காற்றும் நுழையாது. ஆழமற்ற மண்ணில் மரம் புதிதாக நடப்பட்டவுடன் நிலைத்து நிற்காது. ஆதலால் அடித்துளைகளின் வழியே கம்பியைச் செலுத்தி வேரைக் கட்டுவர். இதற்கென்றே தனியாகச் சிறு துளைகள் இடுவதும் உண்டு. மெருகுப் பூச்சு வெளிப்புறத்தில் மட்டுமே. உட்புறம் பூச்சின்றி மண்ணாகவே விடப்படும். தொட்டியின் உள்தளம் நடுவில் குழிந்து நீர் தேங்குமாறு இருத்தல் கூடாது. நீர் ஊற்றினால் கடைசிச் சொட்டும் துளையை நாடி ஓட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். தொட்டி ஆழமற்றதாக இருந்தால் மண் விரைவில் வடியும் என்று நாம் நினைப்போம். உண்மை இதற்கு மாறானது. நீர் ஊற்றி வடிந்து நின்றபின், எந்தத் தொட்டியிலும் அடிமட்டத்தில் ஓர் ஈரப்படலம் தங்கிவிடும். மண்துகள்களின் இடுக்கு நீரைப் பிடித்து நிறுத்துவதே இதற்குக் காரணம். அந்தப் படலத்தின் உயரம் மண்ணின் தன்மையைப் பொறுத்தது. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அன்று. படலம் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணே சேறாக இருக்கும். 4 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியிலோ நான்கில் மூன்று பங்கு மண் சேறாகிவிடும், வேர் அழுகும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் பஞ்சுக்கட்டி ஒன்றை நீரில் நன்கு நனைத்துப் படுக்கை வாட்டில் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நின்றபின் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிழியாமலே மீண்டும் நீர் வடியக் காண்பீர்கள். பஞ்சு ஒன்றே, உயரம் மாறியதால் அது தாங்கும் நீரின் அளவு மாறிவிட்டது. இக்காரணத்தால்தான் ஜப்பானியர் ஆழமற்ற தொட்டிக்கு வண்டலையோ தோட்டத்து மண்ணையோ இடுவதில்லை. காண்டோ சமவெளியில் கிடைக்கும் 'அக்காதாமா' என்னும் எரிமலைச் செம்மண் உருண்டைகளைச் சலித்து, தூளை நீக்கி, சில மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளை மட்டும் நிரப்புகின்றனர். இடுக்குகள் பெரியனவாதலால் ஈரப்படலம் தாழ்ந்து நிற்கிறது. நாற்றங்காலில் சிறு பைகளிலும் தட்டுகளிலும் கன்று வளர்ப்போருக்கும் இது பொருந்தும்.

தொட்டி சிறுக்கச் சிறுக்க மற்றொரு இடர் தோன்றுகிறது. நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் பாதியாகக் குறைத்தால், புறப்பரப்பு நான்கில் ஒரு பங்காகும். உள்ளே அடங்கும் மண்ணோ எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே மண்ணின் அளவோடு ஒப்பிடுகையில் காயும் பரப்பு இருமடங்காகிறது. கோடைக் காலத்தில் மிகச் சிறிய தொட்டிகளுக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நீர் ஊற்ற நேரிடும். ஈர மணல் பரப்பிய தட்டின்மீது அவற்றை வைத்துக் காப்பாற்றுவதும் உண்டு. ஒரு நாள் மறந்தால் பல்லாண்டு வளர்த்த மரம் பட்டுப்போகும்.

டோக்கோனாமே என்னும் தொழிலூர்

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில், சிட்டா தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஈசே வளைகுடாவை நோக்கி அமைந்திருப்பது டோக்கோனாமே. இங்குக் கிடைக்கும் களிமண்ணில் இரும்புச் சத்து மிகுதி. 12-ஆம் நூற்றாண்டிலேயே இப்பகுதியில் பெருந்தாழிகளும் ஜாடிகளும் செய்யப்பட்டன. கடல் அருகில் இருந்ததால் கனத்த பாண்டங்களைப் படகில் ஏற்றித் தொலைவிடங்களுக்கு அனுப்ப முடிந்தது. ஜப்பானின் 'ஆறு பழஞ்சூளை'களுள் டோக்கோனாமே ஒன்று. செட்டோ, எச்சிசென், ஷிகராக்கி, தம்பா, பிஜென் என்பன ஏனைய ஐந்து. இவ்வாறும் 2017-ஆம் ஆண்டில் ஜப்பானிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன.

இவ்வூரின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, பொருள் மாறிக்கொண்டே வந்தது என்பதாகும். முதலில் தாழிகள். பின்னர், 1870-ஆம் ஆண்டுகளில் யோக்கோஹாமா நகரில் கழிவுநீர் வாய்க்கால் அமைக்க ஒரே அளவான மண்குழாய்கள் தேவைப்பட்டன. கையால் வனைந்த குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கோயே ஹோஜு என்னும் டோக்கோனாமே தொழிலாளர் மர அச்சினைப் பயன்படுத்தி ஒரே அளவில் குழாய்களைச் செய்து தந்தார். அதன்பின் மண்குழாய் இவ்வூரின் பெருந்தொழிலாயிற்று. அதே கோயே ஹோஜு, 1878-ஆம் ஆண்டில், சீனாவின் யிஷிங் மரபில் தேர்ந்த ஜின் ஷிஹெங் என்பவரை வரவழைத்து, மெருகிடாத செம்மண் தேநீர்க் கெண்டிகளைச் செய்யும் முறையைத் தம் ஊராருக்குக் கற்பிக்கச் செய்தார். அயலாரிடம் கற்பதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை.

குறுமரத் தொட்டிகள் நெடுங்காலம் சீனாவிலிருந்தே ஜப்பானுக்கு வந்தன. பழமையான சீனத் தொட்டிகளை ஜப்பானியர் இன்றும் பெரிதாக மதிக்கின்றனர். 20-ஆம் நூற்றாண்டில் குறுமரம் வளர்ப்போர் பெருகியபோது, உள்நாட்டிலேயே தொட்டி செய்யும் தொழில் வளர்ந்தது. கெண்டியில் பழகிய செம்மண்ணும், குழாயில் பழகிய கடுஞ்சூட்டு முறையும் டோக்கோனாமேயிடம் ஏற்கெனவே இருந்தன. பிற்காலத்தில் பிளாஸ்டிக் குழாய்கள் வந்து மண்குழாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் ஊர் அழியவில்லை. கெண்டி, ஓடு, குறுமரத் தொட்டி எனப் பல பொருள்கள் அதனைத் தாங்கின. விற்காமல் எஞ்சிய குழாய்களையும் ஜாடிகளையும் அடுக்கிக் கட்டிய சுவர்களை அவ்வூரின் 'குழாய் மேட்டுப் பாதை'யில் இன்றும் காணலாம்.

அங்கே 1887-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஏறுசூளை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. மலைச்சரிவில் படிப்படியாக எட்டு அறைகளும், உச்சியில் பத்துப் புகைபோக்கிகளும் கொண்டது அது. கீழ் அறையில் எரியும் தீயின் வெப்பம் மேலறைக்கு ஏறி அங்குள்ள பாண்டங்களையும் சூடாக்குவதால் எரிபொருள் வீணாவதில்லை. 1974-ஆம் ஆண்டு வரை அது தொழிலில் இருந்தது. இக்காலத் தொட்டிகள் பெரும்பாலும் எரிவாயு அல்லது மின்சாரச் சூளைகளில் வேகின்றன.

செய்முறை

கையால் தொட்டி செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, மண் சேர்த்தல். மிகவும் வழவழப்பான களிமண் காயும்போது வெடிக்கும். ஆகவே அதனுடன் மணலையோ, சுட்ட மண்ணை அரைத்த பொடியையோ கலந்து பிசைவர். மண்ணில் காற்றுக்குமிழி இருத்தல் கூடாது.

இரண்டாவது, உருவாக்கல். வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் வனைவர். சதுரமும் நீள்சதுரமும் ஆனவற்றை மண்பலகைகளாக அறுத்து, விளிம்புகளைக் கீறி, குழைத்த களியைத் தடவி ஒட்டுவர். மிகச் சிறியவற்றைக் கட்டியாக மண்ணை வைத்துக்கொண்டு உட்புறத்தைக் குடைந்தும், விரலால் கிள்ளியும் உருவாக்குவர். அச்சில் மண்ணை அழுத்தி எடுப்பதும் உண்டு.

மூன்றாவது, திருத்தல். மண் தோல் போல் இறுகிய பதத்தில் கால்களை ஒட்டி, துளைகளை அறுத்து, விளிம்பைச் சீராக்குவர். குயவர் தம் முத்திரையை அடியில் பதிப்பதும் இப்போதே.

நான்காவது, உலர்த்தல். இதுவே பொறுமையைச் சோதிக்கும் கட்டம். மூலைகளும் விளிம்பும் முதலில் காயும். அடிப்பலகை பிந்திக் காயும். ஒருபுறம் சுருங்கி மறுபுறம் சுருங்காவிடில் தொட்டி கோணும், அல்லது வெடிக்கும். எனவே காற்றும் வெயிலும் நேரே படாதவாறு மூடி, மெல்ல மெல்ல உலர்த்துகின்றனர்.

ஐந்தாவது, சூளையிடல். மெருகிடாத டோக்கோனாமேத் தொட்டிகள் 1,100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் வேகின்றன. நம் கிராமத்துத் திறந்த சூளையின் சூடு ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி வரையிலேயே இருக்கும். சூளையில் காற்று தாராளமாகச் சென்றால் மண்ணிலுள்ள இரும்பு சிவந்து தோன்றும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் கருமை படரும். ஒரே மண்ணில் இரு நிறம் வருவது இவ்வாறே.

சுருக்கத்தைக் கணக்கிடுவதில் பலர் தவறுகின்றனர். காய்ந்து வெந்தபின் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் மண்ணை எடுத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தொட்டி வேண்டுமானால், 10-உடன் 12 விழுக்காட்டைக் கூட்டி 11.2 சென்டிமீட்டர் செய்தால் போதாது. 10-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 11.4 சென்டிமீட்டர் கிடைக்கும். சுருக்கத்தை அறிய எளிய வழி உண்டு. ஈர மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு கீறி, உலர்த்திச் சுட்டபின் அக்கோட்டை அளந்து பார்க்கலாம்.

கடுஞ்சூட்டின் பயன் என்ன? குறைந்த சூட்டில் வெந்த பாண்டத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிகுதி. ஜப்பானின் குளிர்காலத்தில் அத்துளைகளில் புகுந்த நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. தொட்டி பொருக்குப் பொருக்காக உதிரும். கடுஞ்சூட்டில் மண் இறுகித் துளைகள் குறைவதால் இத்தீங்கு தவிர்க்கப்படுகிறது. இதனால் நம் பானை தாழ்ந்தது என்று பொருளன்று. குடிநீர்ப் பானை நீரைக் குளிர்விப்பதே அத்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான். பானைக்குக் குணமாவது, வெளியில் ஆண்டு முழுவதும் நனையும் தொட்டிக்குக் குற்றமாகிறது. எதற்காகச் செய்கிறோம் என்பதே எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

மரத்துக்கு ஏற்ற தொட்டி

தொட்டியைத் தேர்ந்தெடுக்க ஜப்பானியர் சில வழக்கங்களைக் கைக்கொள்கின்றனர். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆழம் அடிமரத்தின் பருமனை ஒட்டியது. பைன், ஜூனிப்பர் போன்ற பசுமை மாறாத மரங்களுக்கு மெருகிடாத பழுப்பு அல்லது செந்நிறத் தொட்டி. இலையுதிர் மரங்களுக்கும், பூத்துக் காய்க்கும் மரங்களுக்கும் பச்சை, நீலம், வெண்மை போன்ற மெருகிட்ட தொட்டி. பச்சை மெருகுக்குச் செம்பும், நீலத்துக்குக் கோபால்ட்டும், பழுப்புக்கும் கருமைக்கும் இரும்பும் பயன்படுகின்றன. வைக்கோற் சாம்பலும் விறகுச் சாம்பலும்கூட மெருகுக்குச் சேர்க்கப்படுகின்றன. அறுவடையின் எச்சம் அங்கே சூளைக்குப் பொருளாகிறது.

வாய் உட்புறமாகக் குவிந்த தொட்டி பார்வைக்கு அழகாயிருப்பினும், மண் மாற்றும்போது வேர்த்திரளை வெளியே எடுப்பது கடினம். சிறு மரங்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மண் மாற்ற நேர்வதால், நல்ல குயவர் இதையும் எண்ணியே வனைகிறார். அவர் மரம் வளர்ப்பவரோடு பேசுகிறார். வளர்ப்பவர் குறை கூறினால் கேட்டு அடுத்த சூளையில் திருத்துகிறார்.

பகிர்ந்த சூளை

டோக்கோனாமேக்கு அப்பால், கியோட்டோ நகரிலும் சிறு தொட்டி செய்வதில் தேர்ந்தவர் வாழ்ந்தனர். அவர்களுள் புகழ் மிக்கவர், 'ஹெய்யான் தோஃபுக்குஜி' என்னும் பெயரால் வழங்கும் மிசுனோ கிசபுரோ. 1890-இல் பிறந்து 1970-இல் மறைந்தார். பலவகை வடிவங்களிலும் மெருகுகளிலும் எண்ணற்ற சிறு தொட்டிகளைச் செய்தார். அவர் செய்த கையளவுத் தொட்டிகள் இன்று பெருவிலை பெறுகின்றன. அவரோ வாழ்நாளில் செல்வராக இருக்கவில்லை.

கியோட்டோவில் ஒரே ஏறுசூளையைப் பல குடும்பத்தார் பகிர்ந்து பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. சூளை ஒருவருடையதாயினும், மற்றவர் கூலி செலுத்தித் தம் பாண்டங்களுக்கு அதில் இடம் பெற்றனர். சொந்தச் சூளை கட்ட இயலாத எளிய குயவரும் உயர்ந்த சூட்டைப் பெற இது வழி செய்தது. கூட்டுறவின் பயன் நமக்குப் புதிதன்று. ஆனால் கருவியைப் பகிர்ந்துகொண்டாலும், முத்திரை தனித்தனியே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தொட்டி எவர் கைவண்ணம் என்பதில் ஐயம் எழவில்லை. புகழும் அவருடையது, பழியும் அவருடையது.

சட்டமும் சந்தையும்

1974-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு மரபுக் கைத்தொழில்களை வளர்க்கச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்கீழ் ஒரு தொழில் இடம்பெற வேண்டுமானால், பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும். முக்கியமான வேலைகள் கையால் நடைபெற வேண்டும். நுட்பமும் மூலப்பொருளும் நெடுங்கால மரபு உடையனவாக இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் போதிய எண்ணிக்கையினர் அத்தொழிலைச் செய்ய வேண்டும். டோக்கோனாமே மட்பாண்டம் 1976-ஆம் ஆண்டில் இத்தகுதியைப் பெற்றது. 'மரபுக் கைவினைஞர்' என்னும் சான்று பெற விரும்புவோர் 12 ஆண்டுகளுக்குக் குறையாத தொழில் அனுபவத்துடன் தேர்வும் எழுத வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இத்தொழில் இடரின்றி இல்லை. வெளிநாட்டில் திரளாகச் செய்யப்படும் தொட்டிகள் மலிந்த விலையில் வருகின்றன. கையால் ஒவ்வொன்றாகச் செய்பவர் அந்த விலைக்கு விற்க இயலாது. முதிய குயவர் பலருக்குத் தொழிலை ஏற்க மக்கள் முன்வருவதில்லை. ஆகவே கைவினைஞர் விலையில் போட்டியிடுவதை விட்டு, அச்சில் வாராத வடிவிலும், மெருகிலும், முத்திரையின் நம்பிக்கையிலும் நிற்கின்றனர். சிறு மரங்களுக்கான தொட்டியே இதற்கு மிகவும் ஏற்றது. மண்ணும் எரிபொருளும் குறைவு. கைத்திறனே விலையின் பெரும்பகுதி. சட்டம் தொழிலுக்கு நிழல் தரும். வேரைத் தர இயலாது.

நாம் கற்ற ஒரு பாடம்

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், பள்ளிகளில் மரக்கன்று வளர்ப்பதற்காக உள்ளூர்க் குயவர் ஒருவரிடம் 200 தொட்டிகள் வாங்க முடிவு செய்தோம். நல்ல நோக்கமே. ஆனால் நாம் அனுப்பிய உத்தரவில் 'பூந்தொட்டி, 200' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அளவு இல்லை, துளை எத்தனை என்பது இல்லை, மாதிரி ஒன்று செய்து காட்டுமாறும் கேட்கவில்லை. அவர் தாம் அறிந்தவாறு, அடியில் விரல் நுழையாத ஒரே துளையிட்டு, கால் இல்லாமல் செய்து தந்தார். ஐப்பசி மழையில் நீர் தேங்கிக் கன்றுகள் அழுகின. சில தொட்டிகளின் விளிம்பு உதிர்ந்தது. தரம் குறைவு என்று குறிப்பெழுதித் தொகையை நிறுத்தி வைத்தோம்.

அம்முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் சினந்து பேசவில்லை. "தொட்டி கேட்டீர்கள், ஐயா, தொட்டி செய்தேன். அதில் என்ன வளரப்போகிறது, எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் செய்யமாட்டேனா?" என்றார். விடை கூற நம்மிடம் சொல் இல்லை. தொகை வழங்க ஆவன செய்தோம். ஆயினும் அது அவர் கைக்குச் சேர எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அவருடைய மகன் சக்கரத்தை விட்டுப் பனியன் ஆலை வேலைக்குத் திருப்பூர் சென்றுவிட்டார். 200 தொட்டிகளின் விலையைக் கணக்கேட்டில் காட்ட முடிந்தது. அந்த வீட்டில் சுழல்வது நின்ற சக்கரத்தை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை.

குறை அவருடைய கையில் இல்லை. நம் உத்தரவில் இருந்தது. டோக்கோனாமேயில் மரம் வளர்ப்பவரும் குயவரும் ஒருவரோடொருவர் பேசுகின்றனர் என்று படித்தபோது இதுவே நம் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தில் ஆராயத்தக்கவை

நம் குயவர் அனைவரும் குறுமரத் தொட்டி செய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஜப்பானின் மண் வேறு, தேவை வேறு. எனினும், பஞ்சாயத்துக் கூட்டத்திலும் உழவர் மன்றத்திலும் பின்வருவனவற்றை ஆராயலாம்.

1. நம் ஊரில் இன்றும் சக்கரம் சுழலும் வீடுகள் எத்தனை? அவர்களுக்குக் களிமண் எங்கிருந்து கிடைக்கிறது? ஏரியிலும் குளத்திலும் மண் எடுக்க உரிய அனுமதி பெற நாம் உதவியிருக்கிறோமா?

2. பஞ்சாயத்துக்கோ பள்ளிக்கோ தொட்டி வாங்கும்போது, உள்ளளவு, ஆழம், துளைகளின் எண்ணிக்கை, கால்கள், பயன் ஆகியவற்றை எழுத்தில் தருகிறோமா? முதலில் ஒரு மாதிரியைச் செய்யச் சொல்லி, அதற்கும் கூலி தருகிறோமா?

3. சுட்ட ஓட்டுத்துண்டு ஒன்றை நன்கு உலர்த்தி நிறுத்துப் பாருங்கள்; ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, மேலீரத்தைத் துடைத்து மீண்டும் நிறுங்கள். 500 கிராம் துண்டு 560 கிராம் ஆனால், அது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நீரை உறிஞ்சுகிறது. நம் சூளையின் வெவ்வேறு இடங்களில் வெந்த துண்டுகளை இவ்வாறு ஒப்பிட்டால், எங்கே சூடு மிகுதி என்பது தெரியவரும்.

4. நாற்றுத் தட்டிலும் சிறு பையிலும் நாம் இடும் மண் வடியக் கூடியதா? பஞ்சுக்கட்டிச் சோதனையைப் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு செய்துகாட்டலாம்.

5. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூடிய சூளை அமைத்துக்கொள்ள முடியுமா? அமைத்தால் எரிபொருள், பராமரிப்பு, முறை ஆகியவற்றை யார் பொறுப்பேற்பது?

இவ்வினாக்களுக்கு விடை காணும் கூட்டத்தில் ஊர்க் குயவரும் ஓர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். அவரை வாயிலில் நிற்கவைத்து நாம் மட்டும் பேசி எழுதும் தீர்மானம், துளையில்லாத தொட்டியைப் போன்றதே.